பவளத் தொட்டிக்கு எத்தனை பாகை?

மே மாதப் பள்ளி விடுமுறை. மூன்று நாள் பாட்டி வீட்டில் தங்கிவிட்டு ஞாயிறு மாலை வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. வரவேற்பறை மூலையில் இருந்த என் பவளத் தொட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீரும் வழக்கம்போல் சுழன்றுகொண்டிருந்தது. தொட்டியின் மேல் பொருத்தியிருந்த சின்ன மின்விசிறி மட்டும் நின்றுபோயிருந்தது. வெப்பமானியைப் பார்த்தேன். 32.6 பாகை செல்சியஸ்!

இரண்டு கோமாளி மீன்களும் நீரின் மேற்பரப்புக்கு அருகில் நின்று வேகவேகமாகச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. பழுப்பும் பச்சையுமாக இருந்த ஐந்து பவளத் துண்டுகளில் மூன்று, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தன.

மாணவர்களே, அந்தத் தொட்டியை நான் ஏனோதானோவென்று வைத்திருக்கவில்லை. நம் வட்டாரக் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 28, 29 பாகையில்தான் இருக்கிறது. அதனால் தொட்டியையும் 28 பாகையில் வைத்திருந்தேன். கடலில் சரியாக இருக்கும் எண் தொட்டியில் மட்டும் எப்படித் தவறாகும்? அன்றிரவு என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. இதற்கான விடை, நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியல் பாடங்களில்தான் இருக்கிறது. வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் பார்ப்பதற்குக் கல்லைப்போல் இருந்தாலும் அது ஒரு விலங்கு. மிகச் சிறிய பவள உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து தான் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்படித்தான் கிடைக்கிறது. பவளமோ, பாசிக்குத் தங்க இடமும் தன் கழிவிலிருந்து சத்தும் தருகிறது. கூட்டுவாழ்வு என்று படித்திருப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி இந்தப் பாசியால் வருவது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகிவிடும். அந்த நிலையில் ஒளி தொடர்ந்து விழும்போது, உயிரணுக்களைச் சேதப்படுத்தக்கூடிய ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. இதுவரை சோறு போட்ட விருந்தாளி இப்போது நஞ்சைக் கொடுக்கிறான். பவளம் அவனை வெளியேற்றிவிடுகிறது. நிறமில்லாத திசுவின் வழியே அடியிலுள்ள வெள்ளைக் கூடு தெரிகிறது. இதையே பவளம் வெளுத்தல் என்கிறோம்.

வெளுத்த பவளம் அப்போதே செத்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால், எஞ்சியிருக்கும் பாசி மீண்டும் பெருகி நிறம் திரும்பும். வெப்பம் வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் மாண்டுபோகும்.

எல்லை எங்கே இருக்கிறது?

எத்தனை பாகையில் பவளம் வெளுக்கும்? உலகம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. ஆண்டிலேயே மிக வெப்பமான மாதத்தில் ஓரிடத்தின் கடல்நீர் சராசரியாக எத்தனை பாகையில் இருக்கும் என்று முதலில் பார்க்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பாகை ஏறினால் அங்குள்ள பவளங்களுக்கு ஆபத்து தொடங்குகிறது. செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பத்தைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் நோவா அமைப்பு இந்த அளவைத்தான் பயன்படுத்துகிறது.

சிங்கப்பூர்க் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு வெப்பமான மாதங்களில் நீர் ஏறத்தாழ 30 பாகையில் இருக்கும். ஆகவே அந்தப் பவளங்களுக்கு எல்லை ஏறத்தாழ 31 பாகை. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர் அந்த எல்லையைத் தாண்டியபோது சிங்கப்பூர்ப் பவளங்கள் பரவலாக வெளுத்தன. 2010இல் மலேசியாவிலும் இதே நிலைதான். தியோமான், ரெடாங், பாயார் ஆகிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களில், முக்குளிப்பவர்கள் செல்லும் சில இடங்களைத் தற்காலிகமாக மூடிவைத்தார்கள்.

அரேபிய வளைகுடாவில் வாழும் பவளங்களோ கோடையில் 34, 35 பாகையையும் தாங்குகின்றன. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஓஃபு தீவில், அலை வற்றும் நேரத்தில் சில கடல் குட்டைகளின் நீர் 34 பாகைக்கு மேல் சூடாகிறது. அங்கும் பவளங்கள் வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாக எந்த வெப்பத்தில் வாழ்ந்தனவோ அதற்கேற்பத் தாங்கும் திறனும் அமைந்திருக்கிறது. கடையில் வாங்கும் பவளம் எந்தக் கடலிலிருந்து வந்தது, எந்தத் தொட்டியில் வளர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

இப்போது என் தொட்டிக்கு வருவோம். அதன் வெப்பநிலை 28. எல்லை 31 என்று வைத்துக்கொண்டால் இடையில் இருப்பது மூன்றே பாகை. கடலுக்கு இந்த இடைவெளி பல நாள் தாங்கும். தொட்டிக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு லிட்டர் கணக்கு

படிவம் நான்கில் இயற்பியல் எடுத்தவர்களுக்குத் தன்வெப்பக் கொள்ளளவு தெரிந்திருக்கும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உப்புநீருக்குச் சற்றுக் குறைவுதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 4.2ஐயே எடுத்துக்கொள்வோம்.

என் தொட்டியில் 100 லிட்டர் நீர், அதாவது ஏறத்தாழ 100 கிலோகிராம். அதை ஒரு பாகை சூடாக்க 100 × 4.2 = 420 கிலோஜூல் தேவை.

தொட்டியின் விளக்கும் நீரைச் சுழற்றும் பம்புகளும் சேர்ந்து 100 வாட் மின்சாரம் எடுக்கின்றன. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி. அப்படியென்றால் மணிக்கு 360 கிலோஜூல். இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி நீரிலேயே தங்கினால்,

360 ÷ 420 = 0.86 பாகை.

வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு பாகை ஏறும்! நல்லவேளையாக, விளக்கின் வெப்பத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். கண்ணாடிச் சுவர் வழியாகவும் நீர் ஆவியாவதாலும் கொஞ்சம் வெளியேறும். ஆனால், சன்னல்களை அடைத்துவிட்டுப் போன வீட்டில் பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும்போது, நீரைவிடக் காற்றே சூடாக இருக்கும். அப்போது சுவர் வழியாக வெப்பம் உள்ளே வருமே தவிர வெளியே போகாது. மின்விசிறி நின்ற அன்றே என் தொட்டியின் மூன்று பாகை இடைவெளி கரைந்திருக்க வேண்டும்.

என் தவறு எங்கே என்று இப்போது புரிகிறதா? நான் தேர்ந்தெடுத்தது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளுக்கு ஏற்ற எண். கருவி பழுதாகி, வீட்டில் ஆளும் இல்லாத நாளை நான் நினைத்துப் பார்க்கவில்லை. தொட்டியின் வெப்பநிலையை அந்த மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் 22 வைக்கலாமா?

"இடைவெளி அதிகமாக இருக்க வேண்டும் என்றால், இன்னும் குளிரவைத்துவிடலாமே, ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

பாறை கட்டும் பவளங்கள் நன்றாக வளர்வது பொதுவாக 23 முதல் 29 பாகை வரையுள்ள நீரில். அதற்குக் கீழே போகப்போக அவை சுண்ணாம்புக் கூடு கட்டும் வேகம் குறையும். வெப்ப மண்டலப் பவளங்களில் பெரும்பாலானவை 18 பாகைக்குக் கீழ் நெடுநாள் தாங்கா. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளியே 32 பாகை வெயில் இருக்கும்போது நீரை 22இல் பிடித்து வைக்கக் குளிர்விப்பான் ஓயாமல் ஓட வேண்டும். மின்கட்டணம் ஏறும். கருவி நின்றுவிட்டாலோ, 22க்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தால் நீர் மளமளவென்று சூடாகும். குளிர்ந்த நீருக்குப் பழகிய பவளத்துக்கு அந்தத் திடீர் ஏற்றமே பெரிய அடி.

ஆகவே பவளம் வளர்ப்பவர்கள் பலர் 25 முதல் 27 பாகை வரையுள்ள அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் இப்போது வைத்திருப்பது 26. அதோடு, ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கம் ஒரு பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். 28இலிருந்து 26க்கு ஒரே நாளில் இறக்கிவிடவும் கூடாது. நாளுக்கு அரை பாகைக்கு மேல் மாற்றாமல் மெல்ல மெல்ல இறக்கினேன்.

மூச்சுக்கும் கணக்கு உண்டு

மீன்கள் ஏன் மேற்பரப்புக்கு வந்தன? வெப்பநிலை ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 26 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 32 பாகையில் அது ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான்.

குறைவு சிறியதாகத் தெரியலாம். ஆனால், மீன் குளிர் இரத்த விலங்கு. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், சுவாசமும் வேகமாகும். பத்துப் பாகை ஏறினால் இத்தகைய விலங்குகளின் ஆக்சிஜன் தேவை பொதுவாக இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. தொட்டியிலுள்ள பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும்.

ஆகவே மின்சாரம் தடைப்பட்டால் முதல் கவலை ஆக்சிஜனைப் பற்றியதாக இருக்கட்டும். மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அதன் விலை ஒரு பவளத் துண்டின் விலையைவிடக் குறைவுதான்.

குளிர்விக்க நான்கு வழிகள்

குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட புத்தகங்கள் தொட்டிக்குச் சூடேற்றி வாங்கச் சொல்லும். நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் தொட்டி இருந்தால் மட்டுமே சிறிய சூடேற்றி தேவைப்படும். மற்றவர்கள் குளிர்விக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வழி பனிக்கட்டி. பையில் கட்டி மிதக்கவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் எடுக்கும். உருகிய நீர் 26 பாகை வரை சூடாக இன்னும் ஏறத்தாழ 109 கிலோஜூல். மொத்தம் 443. நூறு லிட்டரில் இது ஏறத்தாழ ஒரு பாகையைக் குறைக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பழைய வெப்பம் திரும்பி, நீர் மேலும் கீழுமாக ஊசலாடும்.

இரண்டாவது மின்விசிறி. நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசினால் நீர் விரைவாக ஆவியாகும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வேண்டும். அதைத் தொட்டி நீரிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோ பனிக்கட்டி உறிஞ்சும் வெப்பத்தைவிட இது ஐந்து மடங்குக்கு மேல்! பாட்டி காலத்து மண்பானையில் நீர் குளிர்ந்ததும் இதே விதியால்தான். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஈரமான காற்றில் ஆவியாதல் மந்தமாகும். அதனால் மின்விசிறி நமக்குப் பொதுவாக இரண்டு, மூன்று பாகைதான் குறைத்துத் தரும். மழைக்கு முந்தைய புழுக்கமான மாலையில் அதுகூடக் கிடைக்காது.

மின்விசிறி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நூறு லிட்டரில் பத்து லிட்டர் ஆவியாகிப்போனால், மீதியுள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் உப்பு இருக்கும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரைத்தான் நாள்தோறும் ஊற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் உப்புநீரையே ஊற்றிவிடுகிறார்கள். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் வடிகட்டிய நீரே நல்லது.

மூன்றாவது வழி சில்லர் எனப்படும் குளிர்விப்பான். குளிர்சாதனப் பெட்டியைப் போலவே இது நீரின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய வெப்பம் எங்கே போகும்? உங்கள் அறைக்குள்தான். தொட்டியின் கீழுள்ள அலமாரிக்குள் சில்லரை வைத்து மூடிவிட்டால், தான் வெளியிட்ட வெப்பத்தில் தானே திணறும். பின்பக்கம் காற்றோட்டம் கட்டாயம் தேவை.

நான்காவது, அறையையே குளிரவைப்பது. வீட்டில் எப்படியும் நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடுகிறது என்றால் இது எளிது. பகலில் நிறுத்தி இரவில் மட்டும் போடும் வீட்டில் தொட்டியின் வெப்பம் நாள்தோறும் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட அறையைத் தவிர்ப்பது நல்லது.

என் தொட்டியில் இப்போது ஒரு சிறிய சில்லர் இருக்கிறது. 26.5ஐத் தொட்டால் ஓடத் தொடங்கி, 26க்கு வந்ததும் நின்றுவிடும். மின்விசிறியும் இருக்கிறது. 28ஐத் தாண்டினால்தான் அது சுற்றும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். மூன்றாவதாக, 29ஐத் தொட்டால் விளக்கை அணைத்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவி. விளக்கு அணைந்தால் வெப்பம் குறையும், சூடான பாசியின் மேல் ஒளி விழுவதும் நிற்கும். பவளத்துக்கு இரட்டை நன்மை.

வெப்பமானி உண்மை பேசுகிறதா?

26 என்று காட்டும் வெப்பமானி தவறாக இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண். மலிவான வெப்பமானிகள் ஒன்று, இரண்டு பாகை பிழையாகக் காட்டுவது உண்டு. சோதிப்பது எளிது. ஒரு குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியை நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தூய நீர் ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கிச் சில நிமிடம் பொறுத்து வெப்பமானியை வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால் அதன் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொட்டியில் எப்போதும் இரண்டு வெப்பமானிகள் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பனிக்கட்டிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

தொட்டிக்கு முன் ஒரு வாளி

உங்களில் யாருக்காவது பவளத் தொட்டி வைக்க ஆசை இருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாளி நிறையக் குழாய் நீரை வையுங்கள். காலை 7 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 10 மணி என நாளுக்கு மூன்று முறை நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நாள் வாளியை அப்படியே விடுங்கள். அடுத்த நான்கு நாள் வாளியின் மேல் சிறிய மின்விசிறி ஓடட்டும். எட்டு நாள் அளவுகளையும் வரைபடமாகப் போடுங்கள்.

உங்கள் வீடு எவ்வளவு சூடாகிறது, ஒரு நாளில் எத்தனை பாகை ஊசலாடுகிறது, மின்விசிறி எத்தனை பாகை குறைக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் அந்த வரைபடத்தில் பதில் இருக்கும். மின்விசிறி ஓடும்போதே வாளி நீர் 29ஐத் தாண்டினால், சில்லர் வாங்கப் பணம் சேர்க்கும் வரை பவளம் வேண்டாம். மீன் தொட்டியோடு தொடங்குங்கள். பவளம் வாங்கும் நாள் வந்தால், தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். கல் பவளங்கள் எல்லாம் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. கடல் பூங்காவுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அது குற்றம்.

வெளுத்த என் மூன்று துண்டுகள் என்னவாயின என்று கேட்கிறீர்களா? அன்றிரவே விளக்கின் ஒளியைக் குறைத்தேன். நீரை மெதுவாகக் குளிரவைத்தேன். ஒன்றின் மேல் மூன்றாம் வாரம் பச்சைப் பாசி படர்ந்தது. அது இறந்துவிட்டது. மற்ற இரண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு நிறம் மெல்லத் திரும்பியது. இறந்த துண்டின் வெள்ளைக் கூட்டை அறிவியல் கூடத்தில் வைத்திருக்கிறேன். வெப்பம் பற்றிய பாடம் தொடங்கும் அன்று அது வகுப்பில் கைக்குக் கை மாறும்.

என் தொட்டியைக் காப்பாற்ற ஒரு சில்லரும் ஒரு மின்விசிறியும் போதுமாக இருந்தன. கடலுக்குச் சில்லர் கிடையாது. 2023 ஜனவரியில் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளுத்தலின்போது, 2025க்குள் உலகப் பவளப் பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளுக்கும் அளவிலான வெப்பத்துக்கு ஆளாகிவிட்டது. அந்தப் பவளங்களுக்கும் எல்லைக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு பாகை. வாளியில் வெப்பமானியை வைத்து அளக்கும்போது, ஒரு பாகை என்பது எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கேள்வியோடு சந்திப்போம்.